எதைவிட உரக்க?

கோர்ட் அமீனா என்னைத் தேடி எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது, நான் எட்டாம் வகுப்புக் கரும்பலகையில் ‘ஃபாஸ்ட், ஃபாஸ்டர், ஃபாஸ்டஸ்ட்’ என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆங்கிலத்தில் வினையடைகளை ஒப்பிடும் பாடம். ஒருத்தி வேகமாக ஓடுவாள். இன்னொருத்தி அவளைவிட வேகமாக ஓடுவாள். மூன்றாமவள் எல்லோரையும்விட வேகமாக ஓடுவாள். இலக்கணப் புத்தகத்தில் யாரும் தன் பாட்டுக்கு நடந்து போவதில்லை. சின்னச் சொல்லாக இருந்தால் வாலில் ‘அர்’, ‘எஸ்ட்’ ஒட்டிக்கொள்ளும். ‘லி’ என்று முடிகிற நீளமான சொல்லாக இருந்தால் முன்னால் ‘மோர்’, ‘மோஸ்ட்’ வந்து நிற்கும். இரண்டில் ஒன்றுதான் செல்லும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் என் சிவப்புப் பேனாவின் மூடி தானாகவே கழன்றுவிடும்.

பியூன் வராந்தாவில் நின்று குரல் கொடுத்தார்.

“டீச்சர், ஒங்களப் பாக்க கோர்ட்டுல இருந்து ஆள் வந்திருக்காக!”

பக்கத்தில் வந்து காதோடு சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எட்டாம் வகுப்போடு அடுத்த அறையில் இருந்த ஏழாம் வகுப்பும் சேர்ந்து கேட்டது.

நோட்டீஸ் கொடுக்க வந்த கோர்ட் ஊழியரான அந்த அமீனா தன்மையான மனிதர். கையெழுத்து வாங்கிக்கொண்டு காகிதக் கட்டை என்னிடம் கொடுத்தார். “நல்ல சேதி இல்லம்மா. செத்த உக்காந்து நிதானமாப் படிங்க” என்றார். பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

என் கணவர் செல்வின் விவாகரத்துக் கேட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் மனுப் போட்டிருந்தார்.

மனுவும் சிவப்புப் பேனாவும்

ஆசிரியர் அறையில் அந்த நேரம் கணக்கு டீச்சர் ருக்மணி மட்டும் இருந்தாள். ராஜபாளையத்துக்காரி. வீட்டில் தெலுங்கு, வகுப்பில் தமிழ், பதறினால் மறுபடி தெலுங்கு.

“ஏமே, ஏமைந்தி? என்னாச்சு?” என்றாள் என் முகத்தைப் பார்த்து.

நான் படித்துக்கொண்டே போனேன். மனு ஆங்கிலத்தில் இருந்தது. அதுவும் என் கணவருடைய வக்கீலின் ஆங்கிலம். எதிர்மனுதாரராகிய நான் வருடத்துக்கு வருடம் மனுதாரரிடம் ‘மோர் லவுட்லியர்’ ஆகப் பேசுகிறேனாம். அதாவது, இன்னும் உரக்க. அக்கம்பக்கத்தார் முன்னிலையில் ‘மோஸ்ட் ரூட்லியஸ்ட்’ ஆக நடந்துகொள்கிறேனாம். அதாவது, எல்லாவற்றையும்விட மரியாதைக் குறைவாக. மேலும், மனுதாரர் ஆங்கிலம் பேசும்போதெல்லாம் பிறர் எதிரில் அவரைத் திருத்தி அவமானப்படுத்துகிறேனாம்.

இரண்டாம் பக்கம் முடிவதற்குள் ருக்மணி என் கையைப் பிடித்தாள்.

“ஏட்டி ஸ்டெல்லா! வந்திருக்கது டைவர்ஸ் நோட்டீஸு. நீ பாட்டுக்கு பேனாவ எடுத்துத் திருத்திக்கிட்டு இருக்க?”

குனிந்து பார்த்தேன். ‘லவுட்லியர்’ வட்டமிடப்பட்டிருந்தது. ‘ரூட்லியஸ்ட்’ அடிக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் என் கையெழுத்தில் ‘ஏதாவது ஒன்று போதும்’ என்று இருந்தது.

அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. ருக்மணி எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

மில்லுக்காரர்

செல்வினைப் பற்றி இந்தத் தொடரில் அங்கங்கே சொல்லியிருக்கிறேன். புதிதாக வாசிப்பவர்களுக்காகச் சுருக்கமாக: ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். படித்து முடித்த கையோடு வேலைக்குப் போனவர். நூல் சுற்றும் மெஷின்களுக்கு நடுவில் எட்டு மணி நேரம், தேவைப்பட்டால் இன்னும் எட்டு மணி நேரம். அங்கே பக்கத்தில் நிற்கிற ஆளிடம்கூடக் கையைக் காலை ஆட்டித்தான் பேச வேண்டும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி ஏற்கெனவே எழுதிவிட்டேன். போதும் என்று வாசகர்களும் எழுதிவிட்டார்கள்.

பெண் பார்க்க வந்தபோது தனியாகப் பேச எங்களுக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். “ஐ ஆம் லைக்கிங் யூ வெரி மச்” என்றார். அந்த வாக்கியத்தில் இருந்த பிழையை நான் திருத்தவில்லை. கோர்ட்டில் யாரும் கேட்காததால் அதை இங்கே பதிவு செய்கிறேன்.

பிறகு திருத்தினேன். அவரே கேட்டுக்கொண்டதுதான். மில்லில் பதவி உயர்வு வேண்டுமென்றால் வெளிநாட்டு எஞ்சினியர்களோடு பேசத் தெரிய வேண்டும். “நீ டீச்சர்தான, தப்பாச் சொன்னா அங்கயே சொல்லிரு” என்றார். அங்கேயே சொன்னேன்.

ஒரு நாள் மெஷின் பொருத்த வந்த வெளிநாட்டு எஞ்சினியருக்கு மில்லில் விருந்து வைத்தார்கள். குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். செல்வின் புது மெஷினைப் புகழ்ந்து, அது ‘மோர் ஃபாஸ்ட்லி’ ஓடுகிறது என்றார். நான் மெல்ல, “ஃபாஸ்டர்” என்றேன். அவர் கண்டுகொள்ளாமல் மறுபடியும் ‘மோர் ஃபாஸ்ட்லி’ என்றார். கொஞ்சம் சத்தமாக “ஃபாஸ்டர்” என்றேன். மூன்றாவது தடவையும் அவர் அதையே சொன்னார். நான் சொன்ன மூன்றாவது ‘ஃபாஸ்டர்’ பந்தி முழுக்கக் கேட்டது. சாம்பார் வாளியோடு போனவர் அப்படியே நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் செல்வின், “எல்லார் முன்னாடியும் கத்துத” என்றார். “மொதல்ல மெதுவாத்தான் சொன்னேன், நீங்கதான் வேணும்னே திருப்பித் திருப்பிச் சொன்னீக” என்றேன். “மெதுவாச் சொன்னியா? எப்ப?” என்றார். பச்சைப் பொய் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குள் இது எங்கள் வீட்டில் பழகிப்போன சண்டை. அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டார். கடைக்குப் போகும்போது நான்கு சாமான் சொன்னால் இரண்டு வாங்கி வருவார். கேட்டால், நீ சொல்லவே இல்லை என்பார். டிவியை அலற விடுவார். கேட்டால் கேபிள்காரன் சத்தத்தைக் குறைத்துவிட்டான் என்பார். நான் சத்தம் போட்டால் மட்டும் திரும்புவார். திரும்பி, “ஏன் கத்துத?” என்பார். என்னை மனுஷியாகவே மதிக்கவில்லை என்று நான் முடிவு கட்டியிருந்தேன். நான் ஓயாமல் கத்துகிறவள் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். இரண்டு முடிவுக்கும் நாள்தோறும் புதுப்புது ஆதாரம் கிடைத்துக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் சூட்கேஸை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். அங்கிருந்தே மில்லுக்கு வந்து போனார். சில மாதங்கள் கழித்து அமீனா வந்தார்.

‘விட’ என்ற சொல்

இங்கே ஓர் இலக்கணக் குறிப்பு. பொறுத்துக்கொள்ளுங்கள், பழக்கதோஷம்.

ஆங்கிலத்தில் ஒப்பிடுவதற்குச் சொல்லின் தலையையோ வாலையோ மாற்ற வேண்டும். தமிழில் அந்த வேலையே இல்லை. எங்கள் பக்கத்தில் உயிரெழுத்தை நீட்டினால் போதும். ‘மெதுவாப் போ’ என்றால் மெதுவாகப் போக வேண்டும். ‘மெதூவாப் போ’ என்றால் அதைவிட மெதுவாக. ‘மெதூஊஊவா’ என்றால் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிவிடலாம்.

முறையாகச் சொல்ல வேண்டுமென்றால் ‘விட’ என்று ஒரு சொல் இருக்கிறது. அவளைவிட, இவளைவிட, முன்னைவிட. கைவிடுவதும் அந்த ‘விட’வில்தான் இருக்கிறது. பல வீடுகளில் முதல் ‘விட’ கொஞ்ச நாளில் இரண்டாவது ‘விட’வில் கொண்டுபோய் விடுகிறது. இதை நான் எட்டாம் வகுப்பில் சொல்வதில்லை.

கோதை வக்கீல்

எனக்கு வக்கீல் பார்த்துக் கொடுத்தவள் ருக்மணி. பெயர் கோதை. கோயில் மாடவீதியில் வீடு. வீட்டு முன்னறைதான் ஆபீஸ். நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணக் கோடு, மேஜையில் சட்டப் புத்தகம், பக்கத்தில் துளசி தீர்த்தம். காகிதத்தைக் கொடுத்தேன். புரட்டினாள். முகம் மாறியது.

“இந்தச் சிவப்பு மை யாரோடது?”

“என்னோடது.”

“இத அந்தப் பக்கத்து வக்கீல் பாத்தா, ‘எல்லாத்தையும் திருத்துதா’ங்கிற குற்றச்சாட்டுக்கு வேற சாட்சியே தேவைப்படாதும்மா.”

காகிதத்தை வாங்கித் தன் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். வேறு பிரதி வாங்கிக்கொள்ளலாம் என்றாள்.

பதில் மனு எழுத உட்கார்ந்தோம். குற்றச்சாட்டு ஒவ்வொன்றையும் மறுக்க வேண்டும். முதல் குற்றச்சாட்டிலேயே முட்டிக்கொண்டது.

“நீங்க ‘இன்னும் உரக்க’ பேசுனதா போட்டிருக்காக. இல்லன்னு மறுப்போமா?”

“மறுத்தா, உரக்கப் பேசுனத ஒத்துக்கிட்டு, இன்னும் உரக்கப் பேசலன்னு சொன்ன மாதிரி ஆயிரும்” என்றேன்.

கோதை பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “ஒங்க வீட்டுக்காரர் மேல எனக்கு லேசா அனுதாபம் வருது” என்றாள்.

சிரித்துவிட்டோம். ஆனால் அவள் அடுத்துக் கேட்ட கேள்விக்கு நான் சிரிக்கவில்லை.

“டைவர்ஸ் குடுக்கதுக்கு ஒங்களுக்குச் சம்மதமா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க. மத்தத நான் எழுதிக்கிடுதேன்.”

தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. வீட்டில் இப்போது டிவி அலறுவதில்லை. நான் யாரையும் திருப்பித் திருப்பிக் கூப்பிட வேண்டியதில்லை. சாயங்காலம் பள்ளி விட்டு வந்தால், மறுநாள் காலையில் பால்காரர் வரும்வரை வாயைத் திறக்கவே வேண்டாம். இதைத்தானே விரும்பினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொள்ளும்போது குரல் வெளியே வந்ததா என்பதுகூடத் தெரியவில்லை.

சமரச மையம்

கோர்ட் எங்களைச் சமரச மையத்துக்கு அனுப்பியது. கோர்ட் வளாகத்தில் ஓர் அறை. ஒரு மேஜை, நான்கு நாற்காலி, கடகடவென்று ஓடும் காற்றாடி. சமரசம் பேச அமர்த்தியிருந்தவர் ஒரு பெண் வக்கீல். என் வயதுதான் இருக்கும். மீடியேட்டர் அம்மா என்றுதான் அங்கே எல்லோரும் கூப்பிட்டார்கள். மெல்லிய குரல். சண்டைக்காரர்களோடு பேசிப் பேசி அப்படி ஆகியிருக்க வேண்டும்.

செல்வின் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். நான் எடுத்துக் கொடுத்த கோடு போட்ட சட்டையைப் போட்டிருந்தார். வேண்டுமென்றே போட்டாரா, கையில் கிடைத்ததைப் போட்டாரா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மீடியேட்டர் அம்மா மனுவைப் புரட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

“இன்னும் உரக்கன்னு போட்டிருக்கே, எதைவிட உரக்க?”

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இத்தனை வருட ஆசிரியப் பணியில் எந்த மாணவரும் கேட்காத கேள்வி.

செல்வின் பேசாமல் இருந்தார்.

“சார், எதைவிட உரக்கப் பேசுதாகன்னு கேட்டேன்” என்றார், இன்னும் மனுவைப் பார்த்தபடியே.

அப்போதும் பேசவில்லை. என்னால் பொறுக்க முடியவில்லை.

“எதைவிட உரக்கன்னு கேக்காக!” என்றேன்.

செல்வின் திடுக்கிட்டு நிமிர்ந்தார். “பாத்தீகளா மேடம்? இதத்தான் சொல்லுதேன். எப்பப் பாரு இப்பிடித்தான். எங்க அக்கா எம்புட்டு தன்மையாப் பேசுதா தெரியுமா?”

அவருடைய அக்காவை எனக்குத் தெரியும். ஆம்பளைக் கட்டைக் குரல். வாசலில் நின்று தன்மையாகப் பேசினால் அடுத்த தெருவில் ஆட்டோ நிற்கும். அதைச் சொல்ல வாயெடுத்தேன். மீடியேட்டர் அம்மா கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

செல்வினையே சிறிது நேரம் பார்த்தார். பிறகு மனுவை எடுத்து, படிப்பதுபோல முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். வாய் மறைந்துவிட்டது.

“காலைல என்ன சாப்பிட்டீக?”

செல்வின் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். படித்து முடிக்கட்டும் என்று காத்திருப்பவரைப் போல, மரியாதையாக.

மீடியேட்டர் அம்மா காகிதத்தை இறக்கினார். அதே குரலில் மறுபடியும் கேட்டார். “காலைல என்ன சாப்பிட்டீக?”

“இட்லி” என்றார் செல்வின்.

காகிதம் மறுபடி மேலே போனது. “மில்லுல எந்த டிபார்ட்மென்ட்?”

பதில் இல்லை. காற்றாடிதான் கடகடத்தது. செல்வின் என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ, அதைப் பார்த்துத்தான் அவருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும்.

“மேடம், ஏதாவது கேட்டீகளா?” என்றார்.

மீடியேட்டர் அம்மா காகிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

“எங்க அப்பாவும் மில்லுலதான் இருந்தாக. காது கொஞ்சங்கொஞ்சமாப் போயிருச்சு. அது தெரியாம, எங்கம்மா சண்டைக்காரின்னே கடைசி வரைக்கும் நெனச்சுக்கிட்டு இருந்தாக. மொதல்ல போய் காதக் காட்டுங்க. பொறவு டைவர்ஸப் பத்திப் பேசலாம்.”

செல்வின் வலது காதை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார், அங்கே இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

மதுரையில்

மதுரையில் ஒரு காது ஆஸ்பத்திரிக்குப் போனோம். கூட நான் எதற்கு என்று செல்வின் கேட்டார். உள்ளே பெயரைக் கூப்பிட்டால் யாருக்காவது கேட்க வேண்டாமா என்றேன். அங்கே போய்ப் பார்த்தால், நான் நினைத்தது சரிதான். காது ஆஸ்பத்திரியில் பெயரை மிக மெதுவாகக் கூப்பிடுகிறார்கள்.

பரிசோதனை செய்த பெண், கண்ணாடிக் கூண்டுக்குள் அவரை உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பித்தானை அழுத்தச் சொன்னாள். வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் பித்தானின் மேல் இருந்தது. அழுத்தவில்லை. வெகு நேரம் அழுத்தவில்லை. தேர்வு அறையில் தெரிந்த விடைக்காகக் காத்திருக்கும் பையன்களின் முகம் எனக்குத் தெரியும். அதே முகம்.

முடிந்ததும் அந்தப் பெண் எனக்கு விளக்கினாள். கட்டைக் குரல் ஓரளவு கேட்குமாம். கீச்சுக் குரலும், மெல்லிய ஓசைகளும் போய்விட்டனவாம்.

“முக்கியமா வார்த்தையோட கடைசில வர்ற ‘ஸ்’, ‘ட்’ மாதிரி சத்தமெல்லாம் சாருக்குச் சுத்தமா விழாது, மேடம்.”

“ஃபாஸ்டர், ஃபாஸ்டஸ்ட்னு சொன்னா?”

“ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் கேட்கும்.”

மில் விருந்தில் நான் சொன்ன முதல் இரண்டு ‘ஃபாஸ்டர்’ அவரிடம் போய்ச் சேரவே இல்லை. மூன்றாவதுதான் சேர்ந்தது. அவருக்குத் தெரிந்தவரை, அவருடைய பெண்டாட்டி பந்தியின் நடுவில் திடீரென்று கத்தினாள். வருடத்துக்கு வருடம் என் குரல் உயர்ந்தது என்று மனுவில் எழுதியிருந்ததும் உண்மைதான். இலக்கணம்தான் தப்பு. ஒரு மனுஷனுக்குக் கேட்காத வாலை அத்தனை வருடம் திருத்திக்கொண்டு இருந்திருக்கிறேன். என் திருத்தம் ஒவ்வொன்றும் சரியானது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

காது மெஷின் பொருத்த இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். மறுபடியும் சேர்ந்து போனோம். பொருத்திக்கொண்டு தெருவில் இறங்கியதும் மதுரை அவரை அறைந்தது. ஹாரன், பாத்திரக் கடை, பூக்காரி. இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். பஸ் ஸ்டாண்டு வரை நாங்கள் பேசவில்லை. எந்த அளவில் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடக் குரல் வேண்டாம், வீட்டுக் குரல் வேண்டாம். மூன்றாவதாக என்னிடம் ஒரு குரல் இல்லை.

மதுரையிலிருந்து வரும் பஸ் முதலில் ஸ்ரீவில்லிபுத்தூர், அப்புறம்தான் எங்கள் வீடு இருக்கும் ராஜபாளையம். அக்கா வீட்டுக்கு அவர் முன்னாலேயே இறங்க வேண்டும். ஜன்னலோரம் அவர், பக்கத்தில் நான். கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் மேற்கே மலை தெரிய ஆரம்பித்தது. அவர் ஒவ்வொரு சத்தத்துக்கும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின் சீட்டில் ஒருத்தி நிலக்கடலை உடைத்தாள். அதையும் திரும்பிப் பார்த்தார்.

“நான் எம்புட்டு சத்தமாப் பேசுதேன்?” என்று கேட்டார். “இப்ப எனக்கே கேக்குது.”

“மில்லுல பேசுத மாதிரிதான்.”

“இத்தன வருசமாவா?”

“ஆமா.”

“நீ சொல்லவே இல்லையே?”

சொன்னேன் என்ற பதில் வாய்வரை வந்தது. சொல்லாமல் இருந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குள் பஸ் வளைந்து நின்றது. கண்டக்டர் படிக்கட்டில் நின்று, “ஸ்ரீவில்லிபுத்தூரெல்லாம் எறங்கு!” என்று பஸ்ஸைத் தட்டினார். பாதிப் பேர் இறங்கினார்கள். பால்கோவா விற்கிறவர்கள் ஜன்னலுக்குக் கீழே சூழ்ந்துகொண்டார்கள். செல்வின் அசையவில்லை. மெஷின் சரியாக வேலை செய்யவில்லையோ என்று எனக்குக் கலக்கமாகிவிட்டது. கண்டக்டர் இரண்டாம் தரம் கூவினார். அப்போதும் அப்படியே இருந்தார்.

எனக்குத் தெரிந்த ஒரே வழியில் சொன்னேன். “ஸ்ரீவில்லிபுத்தூர் வந்திருச்சுங்க!”

முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செல்வின் காதில் கையை வைத்து மெஷினைச் சரிசெய்துகொண்டார்.

“ஏன் கத்துத?” என்றார், மெதுவாக. “கண்டக்டர் மொதத் தடவ சொன்னப்பவே கேட்டுச்சு.”

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் ராஜபாளையத்துக்குக் கிளம்பியது.